மூன்றாவது இறகு

சாலிஸ் ஊர் தபால் நிலையத்தில்
ஆறு நாள் முத்திரை குத்துகிறேன்.
ஏழாம் நாள் கராஜில்
வான்கோழி இறகுக்குப் பசை தடவுகிறேன்.

காப்பி டின்னில் வலச்சிறகின் இறகுகள்,
பிஸ்கட் டின்னில் இடச்சிறகினுடையவை.
ஒரே பறவை, ஒரே பழுப்பு, ஒரே வெள்ளைப் பட்டை.
வளைவு மட்டும் வேறு.
ஓர் அம்புக்கு மூன்று இறகு,
மூன்றும் ஒரே டின்னிலிருந்து.
மற்றதிலெல்லாம் விட்டுக்கொடுப்பேன்,
இதில் கறார்.

டெல் உர்கீடி சிரிப்பான்.
அவன் அம்பில் இரண்டு அங்குல பிளாஸ்டிக்,
ஆரஞ்சு நிறம், நேர்க்கோட்டில் ஒட்டியது.
மழையில் ஊறாது, காற்றை இழுக்காது.
உன்னுடையது பறந்தால்
யாரோ பேப்பர் கிழிக்கிற சத்தம் என்பான்.
சத்தம் உண்மைதான்.
நாற்பது கெஜத்தில் என் அம்பு
அவனுடையதைவிடச் சோம்பேறி,
அதுவும் உண்மை.

ஜூலை முழுக்க வைக்கோல் கட்டில்
மொட்டைமுனை எய்தோம்.
அவன் அம்புகள் ஒன்றையொன்று உரசி நின்றன.
ஆகஸ்டில் வேட்டைமுனை பூட்டினோம்.
முன்னால் அகன்ற அலகு வந்துவிட்டால்
அதுவும் ஒரு சிறகு.
தலை ஒரு வழி கேட்கும், வால் ஒரு வழி.
வால் சிறிதென்றால் தலை ஜெயிக்கும்.
டெல்லின் அம்பு ஒரு சாண் இடப்புறம் விலகி
வேலிக்கம்பத்தில் தைத்தது.
காற்று, என்றான்.
கொடியில் காய்ந்த அவன் சட்டை
கை கூட ஆட்டவில்லை.

நான் இறகைச் சற்றே திருகி ஒட்டுவேன்,
அவரைக்கொடி கம்பைப் பற்றுகிற அளவுக்கு.
அம்பு சுழன்றுகொண்டே போகும்,
சுழற்சியில் அதன் கோணல்கள்
ஒன்றையொன்று தின்றுவிடும்.
இதை அவனிடம் சொல்லவில்லை.
அவன் கேட்கவில்லை.

செப்டம்பர். ஓடைக்கு மேலே ஃபிர் மரச் சரிவு.
தொண்டையில் துருப்பிடித்த கீல் வைத்தது போல
ஓர் எல்க் மான் கூவிக்கொண்டு வந்தது.
இருபத்திரண்டு கெஜம்.
டெல்லின் முறை.
அவன் நாணை இழுத்தபோதுதான் பார்த்தேன்:
ஆரஞ்சு இல்லை.
வான்கோழி.
என் டின்களிலிருந்து, கேட்காமல்.
இரண்டு இறகு வலப்பக்கம் சாய,
மூன்றாவது எதிர்ப்பக்கம்.

மான் மூச்சுவிட்டது, ஆவி தெரிந்தது.
நுரையீரல் ஒரு சோற்றுத்தட்டு அகலம்.
அதைத் தாண்டினால் குடல்.
குடலில் பட்டால் சாவு உடனே வராது,
இரவு முழுக்க நடந்து வரும்.

'விடாதே' என்றேன்.

உரக்கச் சொல்லிவிட்டேன் போல.
கொம்பு திரும்பியது,
காடு ஒருமுறை முறிந்தது,
அவ்வளவுதான்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன்.
சரி, எய்யவே இல்லையென்றால்
யாரை நோவது?
நாற்பது மைல், லாரியில்,
ஹீட்டர் மட்டும் பேசியது.

இரவு கராஜ் பல்பின் கீழ்
அந்த அம்பை விரலிடுக்கில் உருட்டிக் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தான்.
'எல்லாம் இறகுதானே, மார்லிஸ்' என்றான்,
குரலில் பாதிதான் கோபம்.
என் இறகைத் தொட்டதைப் பற்றி
அவன் ஒன்றும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

விடிந்ததும் அதே அம்பு, அதே முனை,
இருபத்திரண்டு கெஜம், வைக்கோல் கட்டு.
முதல் முறை நட்டநடுவில் போய் அமர்ந்தது.
டெல் என்னைப் பார்த்தான்.
நான் கட்டைப் பார்த்தேன்.
இரண்டாம் முறை
வால் நாய்போல் ஆடிக்கொண்டு போய்
கட்டின் ஓரத்தைச் சுரண்டி
புல்லில் விழுந்தது.
மூன்றாம் முறை எய்ய
இருவருக்கும் மனமில்லை.

நேற்று மலையில் அவன் நாணில் இருந்தது
முதலாவதா, இரண்டாவதா?
மானுக்குத் தெரிய வேண்டியதில்லை.
எனக்குத்தான்.

திங்கட்கிழமை
அலுவலகக் கறுப்பு மையைக் கொஞ்சம் கொண்டுவந்தேன்.
பிஸ்கட் டின் மூடியில் 'இடது' என்று
பெரிதாக எழுதினேன்.
மை காயும்வரை மூடியைப் பிடித்துக்கொண்டான் டெல்,
இரண்டு கையாலும், ஆடாமல்.